யார் முதலில் விழ வேண்டும்?



வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பிக்காச்சு என்ற பெயரை நீங்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. மஞ்சள் நிறம், நீண்ட காது, கன்னத்தில் மின்சாரம். அந்தப் பிக்காச்சு பிறந்த விளையாட்டு போக்கிமான். டோக்கியோவின் புறநகரான மச்சிடா என்ற ஊரில் சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சத்தோஷி தஜிரி, வளர்ந்தபின் அந்த ஆசையை வீடியோ கேமாக்கினார். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியானபோது அதில் இருந்தவை 151 உயிரினங்கள். இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பிடிப்பது, வளர்ப்பது, நண்பனோடு மோதவிடுவது என்று தொடங்கிய இந்த விளையாட்டுக்கு இப்போது உலகக் கோப்பை நடக்கிறது. பெரியவர்கள் விமானம் ஏறிப் போய் ஆடுகிறார்கள். இன்று பேச வந்தது அந்தப் போட்டியாட்டத்தைப் பற்றித்தான். அதிலும், தாக்கி ஆடும் அணியை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றி.

விதிகள் சுருக்கமாக. ஆளுக்கு ஆறு உயிரினங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கே வித்தைகள். களத்தில் ஒரு நேரத்தில் உங்களுடையது ஒன்று, எதிரியுடையது ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் அடிக்கலாம், அல்லது களத்தில் நிற்பதை உள்ளே இழுத்து வேறொன்றை அனுப்பலாம். சதுரங்கத்தைப் போல நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறி ஆடுவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ரகசியமாக முடிவெடுக்கிறார்கள். பிறகுதான் யார் என்ன செய்தார்கள் என்று தெரியும். தீ, நீர், புல், மின்சாரம், எஃகு என்று வகைகள் உண்டு. நீர் தீயை இரண்டு மடங்கு அடிக்கும். மின்சாரம் நீரை இரண்டு மடங்கு அடிக்கும். மண்ணின் அடி பறக்கிறவற்றைத் தொடவே தொடாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

தாக்கும் அணி என்றதும் புதிதாக ஆட வருகிறவர்கள் செய்வது ஒன்றே: பலமாக அடிக்கும் ஆறு பேரைப் பொறுக்கி வரிசையில் நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட அணி பாதுகாப்பாக ஆடத் தெரிந்த ஒருவரிடம் போனால் பத்து நிமிடத்தில் சுருண்டுவிடும். காரணம் விதியின் ஒரு மூலையில் இருக்கிறது. நீங்களாக ஓர் உயிரினத்தை மாற்றினால், உள்ளே வருவது வந்தவுடன் ஓர் அடி வாங்கும். எதிரி அந்தச் சுற்றில் சும்மா இருக்க மாட்டானே. ஆனால் களத்தில் நின்றது வீழ்ந்துவிட்டால், அடுத்தது அடி வாங்காமல் நுழையும். நுழைந்தபின் புதிய சுற்று, இருவருக்கும் சமமாகத் தொடங்குகிறது. அதாவது, ஒன்றை இழந்தால் அதற்கு ஒரு விலை உங்களுக்குக் கிடைக்கிறது. மெல்லிய உடம்பும் பலத்த அடியும் உள்ளவை வந்தவுடன் ஓர் அடி வாங்கினால் தாங்காது. அவற்றுக்கு இந்த இலவச நுழைவு தங்கம். ஆகவே தாக்கும் அணியைக் கட்டுகிறவர், யார் அடிப்பது என்று கேட்பதற்கு முன், யார் எப்போது விழுவது என்று கேட்கிறார்.

இதைப் பிழையில்லாமல் காட்டும் காலம், என் கணக்கில், 2006-இல் ஜப்பானில் வந்த டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளின் காலம். நான்காம் தலைமுறை என்பார்கள். அதற்குப் பிறகு வந்தவை பளபளப்பானவை. ஆனால் தாக்குதலின் எலும்புக்கூட்டைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்துத் தாக்கும் அணிகளில் முதலில் களமிறங்கும் ஒன்று அஸெல்ஃப். நீல நிறக் குட்டித் தேவதை போல இருக்கும். அதிவேகம், ஆனால் உடம்பில் வலு இல்லை. அதன் கையில் ஃபோக்கஸ் சாஷ் என்ற பட்டையைக் கட்டிவிடுவார்கள். முழு உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் ஒரே ஒரு புள்ளி உயிரை மிச்சம் வைக்கும் பட்டை அது. முதல் சுற்றில் அஸெல்ஃப் எதிரியின் பக்கத்தில் ஸ்டெல்த் ராக் என்ற கூரிய கற்களைப் பரப்பும். எதிரி அடிப்பான், பட்டை காப்பாற்றும். இரண்டாம் சுற்றில் அஸெல்ஃப் வெடித்துச் சிதறும். எக்ஸ்ப்ளோஷன் என்றே அதற்குப் பெயர். அந்தத் தலைமுறையில் அதன் பலம் 250. அதற்கு மேல், எதிரியின் தற்காப்பைப் பாதியாக வைத்துத்தான் அடியையே கணக்கிட்டார்கள். எஃகும் பாறையும் ஓரளவு தாங்கும், பேய் வகைக்கு உறைக்காது. மற்றவை பெரும்பாலும் மண்ணைக் கவ்வும். இரண்டே சுற்றில் கல் போட்டாயிற்று, எதிரியின் ஓர் ஆளைச் சிதைத்தாயிற்று, அடுத்தவருக்கு இலவச வாசலும் திறந்தாயிற்று. அஸெல்ஃப் செத்தது நஷ்டக் கணக்கில் வராது.

அந்தக் கற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசலில் நெருஞ்சி முள்ளைக் கொட்டி வைத்தது போல, எதிரியின் பக்கம் யார் உள்ளே வந்தாலும் அவை குத்தும். சாதாரணமாக உயிரில் 12.5 சதவீதம் போகும். பாறைக்குப் பலவீனமானவை இன்னும் அதிகம் இழக்கும். தீயும் சிறகும் சேர்ந்த சாரிஸார்ட் வாசலில் கால் வைத்ததுமே பாதி உயிரை இழந்துவிடும். வெறும் 12.5-ஐ ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? இந்த விளையாட்டில் பெரும்பாலான அடிகளுக்கு நிலையான அளவு கிடையாது. ஒவ்வொரு முறையும் 85 முதல் 100 சதவீதம் வரை உள்ள பதினாறு படிகளில் ஏதோ ஒன்று விழும். மேல்படி விழுந்தால் எதிரி சாவான், கீழ்ப்படி விழுந்தால் பிழைப்பான் என்ற நிலை அடிக்கடி வரும். தற்காப்பு ஆட்டக்காரர் அந்தச் சூதாட்டத்தைத் தாங்குவார். அவரிடம் நேரம் இருக்கிறது. தாக்கும் ஆட்டக்காரரிடம் நேரம் இல்லை. ஒரு முறை எதிரி பிழைத்துத் திருப்பி அடித்தால், நம்முடைய மெல்லிய உடம்பு போய்விடும். அந்த 12.5 பல இடங்களில் 'ஒருவேளை சாவான்' என்பதை 'நிச்சயம் சாவான்' என்று மாற்றிவிடுகிறது.

இனி கதாநாயகன். கியாரடோஸ். எதற்கும் உதவாத மேஜிகார்ப் என்ற சிவப்பு மீன் வளர்ந்து ஆகிற பிரம்மாண்டமான கடல்பாம்பு. நீரும் சிறகும் அதன் வகைகள். இதற்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. உடல் தாக்குதலில் அதன் அடிப்படை எண் 125. மாயத் தாக்குதலில் வெறும் 60. ஆனால் மூன்றாம் தலைமுறை வரைக்கும் நீர் வகை அடிகள் எல்லாமே மாயக் கணக்கில்தான் சேர்க்கப்பட்டன. அதாவது, பாவம், தன் நீர் வகை அடியைத் தன் பலமான கையால் அடிக்க அதற்கு வழியே இல்லை. 2006-இல்தான் ஒவ்வொரு வித்தையும் உடல் வித்தையா மாய வித்தையா என்று தனித்தனியே பிரித்தார்கள். வாட்டர்ஃபால் உடல் பக்கம் வந்தது. கியாரடோஸ் நிமிர்ந்தது.

அதற்கு டிராகன் டான்ஸ் என்று ஒரு நடனம் தெரியும். ஒரு சுற்றைச் செலவழித்து ஆடினால் அடியும் வேகமும் ஒன்றரை மடங்கு ஆகும். எண்களைப் பாருங்கள். நூறாவது நிலையில், வேகத்துக்கென்றே வளர்த்த கியாரடோஸின் வேகம் 287. மின்சார வகை ஜோல்டியானின் அதிகபட்ச வேகம் 394. நடனத்துக்கு முன் ஜோல்டியான் முந்திக்கொண்டு ஒரே மின்னலில் கியாரடோஸை முடித்துவிடும். நீர், சிறகு இரண்டுமே மின்சாரத்துக்குப் பலவீனம் என்பதால் அந்த அடி நான்கு மடங்கு விழும். நடனத்துக்குப் பின் கியாரடோஸின் வேகம் 430. இப்போது அதன் பூகம்பம் என்ற மண் அடி முந்தும், ஜோல்டியான் சாயும். ஒரே ஒரு சுற்று தலைகீழாக்கிவிட்டது. ஆக மீதமுள்ள ஐந்து பேருக்கும் ஒரே வேலை: அந்த ஒரு சுற்றைச் சம்பாதித்துக் கொடுப்பது, கூடவே, நடனம் முடிந்தபிறகும் கியாரடோஸைத் தடுத்து நிறுத்தக் கூடியதை முன்கூட்டியே களத்தை விட்டு அகற்றுவது.

தடுத்து நிறுத்தக் கூடியது யார்? ஸ்கார்மரி. எஃகு இறக்கை கொண்ட பறவை. அடித்தால் அசையாது, பெருங்காற்றை வீசி எதிரில் நிற்பதைக் களத்தை விட்டே துரத்திவிடும். துரத்தப்பட்டால் நடனத்தில் சேர்த்ததெல்லாம் போச்சு. இங்கேதான் மேக்னஸோன் வருகிறது. காந்தத்தால் ஆன பறக்கும் தட்டு போன்ற உருவம், ஆனால் பறக்கும் வகை அல்ல. அது களத்தில் நிற்கும்போது எதிரில் உள்ள எஃகு வகை வெளியே போக முடியாது, ஒட்டிக்கொள்ளும்.

ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நம் பக்கம் சைஸர் என்ற எஃகுப் பூச்சி நிற்கிறது. சைஸரின் குத்துக்குப் பயந்து எதிரி ஸ்கார்மரியை உள்ளே கொண்டு வருவான் என்று நமக்குத் தெரியும். அவனுக்கு வேறு சுவர் இல்லை. ஆகவே நாம் குத்தவில்லை. யூ-டர்ன் அடிக்கிறோம். அது அடித்துவிட்டு உடனே பின்வாங்கும் வித்தை. மாற்றம்தான் வழக்கமாக முதலில் நடக்கும் என்பதால் ஸ்கார்மரி வந்து நிற்கிறது. சைஸர் லேசாகக் கீறிவிட்டுத் திரும்புகிறது. அதன் இடத்தில் மேக்னஸோன் அடி வாங்காமல் இறங்குகிறது. பறவை மாட்டிக்கொண்டது. அடுத்து மின்னல். கெட்டிக்காரர்கள் சிலர் ஸ்கார்மரிக்கு ஷெட் ஷெல் என்ற ஓட்டைக் கொடுத்து இந்தப் பொறியிலிருந்து தப்பவைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு பொருள்தான் இருக்கலாம். அந்த ஓட்டைக் கொடுத்தால் சுற்றுக்குச் சுற்று உயிர் ஊட்டும் லெஃப்ட்ஓவர்ஸைக் கொடுக்க முடியாது. தப்பிக்க வழி வைத்தால் சுவர் இளைத்துப்போகும்.

ஸ்கார்மரி விழுந்ததும் எதிரிக்கும் இலவச நுழைவு உண்டு. மேக்னஸோனுக்கு மண் அடி நான்கு மடங்கு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? மண் வகையான ஃப்ளைகானை இறக்குகிறான். அதன் கழுத்தில் சாய்ஸ் ஸ்கார்ஃப்: வேகம் ஒன்றரை மடங்கு, ஆனால் முதலில் எதை அடிக்கிறதோ அதையே அடிக்க வேண்டும். பூகம்பம் வருகிறது. நாம் மேக்னஸோனை இழுத்துக்கொண்டு கியாரடோஸை அனுப்புகிறோம். பறக்கும் வகை, பூகம்பம் தொடவில்லை. ஃப்ளைகான் இப்போது பூகம்பத்திலேயே பூட்டப்பட்டு நிற்கிறது. வேறு வழியில்லாமல் அது வெளியேறுகிற அந்தச் சுற்றில் கியாரடோஸ் நடனமாடுகிறது. அவ்வளவுதான், மீதியை வேகம் பார்த்துக்கொள்ளும்.

மேக்னஸோனின் மிகப் பெரிய பலவீனமே கியாரடோஸுக்கு வாசல் திறந்தது என்பதைக் கவனியுங்கள். கியாரடோஸை நோக்கி வரும் மின்னலை மேக்னஸோன் பாதியாக வாங்கிக்கொள்ளும் என்பது அதன் மறுபக்கம். பலவீனம் இல்லாத ஆறு பேரைத் தேடுவது வீண். எதிரி எங்கே அடிப்பான் என்று நமக்குத் தெரிய வேண்டுமானால், அவனுக்கு அடிக்க ஆசை வரும்படி ஓர் இடம் இருக்க வேண்டும்.

இதே காந்தத்தை வைத்து டிராக்மேக் என்று ஓர் அணி வகையே உருவானது. அப்போது டிராகன் அடியைத் தாங்கக் கூடிய வகை எஃகு ஒன்றுதான். மேக்னஸோன் எஃகைப் பிடித்துக் கொன்றுவிட்டால், வரிசையாக நிற்கும் மூன்று நான்கு டிராகன்களுக்குத் தடையே இல்லை. முதல் டிராகன் எதிரியின் சுவரைக் கீறிவிட்டுச் சாகும், இரண்டாவது உடைத்துவிட்டுச் சாகும், மூன்றாவது நுழைந்து ஓடும். ஒரே வகையில் இத்தனை பேரா என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். ஒரே சுவரில் எல்லோரும் மோதுவதுதான் அங்கே திட்டம். 2013-இல் எக்ஸ், ஒய் விளையாட்டுகளில் ஃபேரி என்ற புதிய வகை வந்தது. டிராகன் அடி அதற்கு உறைக்கவே உறைக்காது. டிராக்மேக்கின் பொற்காலம் அத்தோடு முடிந்தது.

அதிகாரபூர்வ உலகக் கோப்பை வேறு விதம். அங்கே பக்கத்துக்கு இரண்டிரண்டு பேர் ஒரே நேரத்தில் களத்தில். 2014-இல் வாஷிங்டன் நகரில் தென் கொரியாவின் பார்க் சே-ஜுன் கோப்பையை வென்றபோது எல்லோரும் பேசியது அவருடைய பச்சிரிசுவைப் பற்றி. மின்சார அணில். அதன் தாக்குதல் அடிப்படை எண் 45. பெரிய போட்டியில் யாரும் சீந்தாத பிராணி. அதே அணியில் கியாரடோஸும் இருந்தது. பக்கத்தில் நிற்பவர் மேல் வரும் அடியைத் தன் பக்கம் இழுக்கும் வித்தை பச்சிரிசுவிடம் உண்டு. இழுக்கப்பட்டது மின்னல் என்றால், அதைக் குடித்து உயிரைக் கூட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. கியாரடோஸுக்கு நான்கு மடங்கு வலிக்கிற அடி அணிலுக்குச் சாப்பாடு. அணிலின் வெற்றி, அன்பின் வெற்றி என்றெல்லாம் அப்போது உருகினார்கள். எனக்கு அதில் தெரிவது கறாரான கணக்குதான்.

நான்காம் தலைமுறைக்குப் பிறகு இன்னொன்றும் மாறியது. 2010-இல் வந்த பிளாக், ஒயிட் விளையாட்டுகளிலிருந்து, ஆட்டம் தொடங்கும் முன்பே எதிரியின் ஆறு பேரையும் திரையில் காட்டிவிடுகிறார்கள். மேக்னஸோன் திடீரென்று வந்து நிற்கும் அதிர்ச்சி போய்விட்டது. அதனால் அது பயனற்றுப் போகும் என்று நினைத்தால், நடப்பது வேறு. வரிசையில் காந்தத்தைப் பார்த்ததுமே எதிரி ஸ்கார்மரியை வெளியே விடத் தயங்குகிறான். அது வர வேண்டிய இடத்தில் வேறொன்றை அனுப்பி அடி வாங்க வைக்கிறான். சில ஆட்டங்களில் மேக்னஸோன் கடைசி வரை களத்தில் இறங்குவதே இல்லை. ஸ்கார்மரியும்தான்.