குடத்துல ஒரு கை: உத்திரமேரூர் தேர்தல்

ஊர்ல ஒரு தேர்தல். ஓட்டு கிடையாது, பிரசாரம் கிடையாது. பேர் எழுதின ஓலை, ஒரு குடம், ஒரு சின்னப் பையன். அவ்வளவுதான்.

இடம், காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர். அங்க இருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ரெண்டு இருக்கு. ஒண்ணு 919-ஆம் வருஷம், இன்னொண்ணு 921. கிட்டத்தட்ட 1,100 வருஷத்துக்கு முந்தின தேர்தல் விதிமுறைகள்!

ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சிருந்தாங்க. நம்ம வார்டு மாதிரி வச்சுக்கோங்க. ஒவ்வொரு குடும்புலயும் தகுதியானவங்க பேரை ஓலையில எழுதி, கட்டாக் கட்டி, குடத்துல போடணும். சபை மொத்தமும் கூடின பிறகு, வயசுல மூத்த நம்பி ஒருத்தர் குடத்தை எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிக் காட்டுவார். உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரிச்சு வேற குடத்துல போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலை. அதை வாங்குற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். ஏன்? கைக்குள்ள வேற ஓலையை மறைச்சு வச்சிடக் கூடாதுல்ல! வாசிச்சதும் அங்க இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதை மறுபடி வாசிக்கணும்.

இப்படித் தேர்வான 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தகுதியிழப்புப் பட்டியல். வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டும் இல்ல; அப்பா, பிள்ளை, சகோதரர், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மச்சான், மருமகன், யாருமே முடியாது! பினாமிக்கு இடமே இல்ல. ஒழுங்கா இருந்தவரும் மூணு வருஷம் இடைவெளி விட்டுத்தான் வரணும்.

வெனிஸ் நகரத்துலயும் பிற்காலத்துல தலைவரைத் தேர்ந்தெடுக்கிறப்போ குலுக்கல்ல உருண்டை எடுக்க ஒரு சிறுவனைத்தான் வச்சாங்க. ரெண்டு ஊருக்கும் ஒரே பயம்: பெரியவங்க கை சுத்தமா இருக்குமா?

2020-ல புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுறப்போ பிரதமர் இந்த உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். பெருமைதான். ஆனா முழுசாப் படிக்கணும். இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு, இதெல்லாம் இருக்கணும். வயசு, முதல் கல்வெட்டுல 30-லிருந்து 60, அடுத்ததுல 35-லிருந்து 70. பெண்கள் பேர் குடத்துக்குள்ள போகவே இல்ல. அந்த வயல்ல உழைச்சவங்க பேரும்தான்.

அதனால இதை இன்னைய ஜனநாயகம்னு சொல்ல முடியாது. குடம் சுத்தம், ஆனா குடத்துக்குள்ள யார் பேர் போகலாம்ங்கிறதுலயே பாதித் தேர்தல் முடிஞ்சிடுச்சு.

ரெண்டே வருஷத்துல விதியை உட்கார்ந்து திருத்தினாங்க பாருங்க, அது பெரிய விஷயம். கணக்கைக் காட்டுங்கிற அந்தக் கேள்வியும்தான். இன்னைக்கு அதைக் கேட்க நமக்குக் கிராம சபை இருக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நிலமோ வேதமோ வேண்டாம், வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாப் போதும். அடுத்த தடவை சொந்த ஊர்ல இருந்தா, போய் உட்காருங்க. வரவு செலவைக் கேளுங்க.