சந்தேகமும் வழக்குரையும்

மட்டக்களப்பு நாட்டிலே வைகாசி மாதம் கண்ணகை அம்மனுக்கு உரிய மாதம். ஆண்டு முழுவதும் அடைத்திருந்த கோயிற் கதவுகள் அப்போது திறக்கும். சடங்குகள் நடைபெறும். ஈற்றிலே குளுத்தி பாடி அம்மனின் சினத்தைத் தணிப்பார்கள். அந்நாட்களில் இக்கோயில்களிற் படிக்கப்பெறும் ஏட்டுக்குக் கண்ணகி வழக்குரை என்று பெயர். மற்றையோர் சிலம்பின் பெயரால் அறிந்த கதையை இந்நாட்டவர் வழக்கின் பெயரால் அறிந்து வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவதொன்று.

கதை நேயர்கள் அறிந்ததே. ஒருவன் கையிலே சிலம்பு இருந்தது. அரண்மனையிலே ஒரு சிலம்பு காணாமற் போயிருந்தது. பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான். விசாரணை என்ற ஒன்று நடக்கவேயில்லை. சந்தேகம் தோன்றிய அக்கணமே தண்டனையும் தோன்றிவிட்டது. ஆனால் கதையின் பிற்பகுதியையும் நாம் மறத்தல் ஆகாது. கணவனை இழந்தவள் தலைவிரி கோலமாக வாயிலில் வந்து நின்றபோது, காவலன் அவளைக் கலகக்காரி என்று பிடித்து அடைக்கவில்லை. உள்ளே சென்று அரசனுக்கு அறிவித்தான். அரசனும் அவளை வரவழைத்தான், அவள் சொல்லைக் கேட்டான், சான்றைப் பார்த்தான். தவறு செய்த அரசனும் வழக்கைக் கேட்க மறுக்கவில்லை.

அரசு தன் கொள்கையை மறுத்துப் பேசும் குடிமகன் மீது கொள்ளும் ஐயத்தையும், அந்த ஐயத்துக்கு எதிரே அக்குடிமகனுக்கு உள்ள உரிமைகளையும் பற்றிப் பேச எண்ணியபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இவ்வழக்குரையே. பொருளை எங்கோ தொலைவிலே தேட வேண்டியதில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாசிக்குடாவை நேயர்கள் அறிவீர்கள். அலையடங்கிய கடல்; நெடுந்தூரம் நடந்து சென்றாலும் ஆழங் காணாத நீர்; இப்பொழுது வரிசையாக எழுந்து நிற்கும் உல்லாச விடுதிகள். அக்கரையிலே நின்று வடக்கே நோக்கினால் வாகரைப் பக்கம். தெற்கே நோக்கினால் கிரான். இவ்விரண்டு ஊர்களையும் ஒட்டி எழுந்த இரண்டு வழக்குகளை முதலிற் சொல்லுகிறேன்.

2006 ஆம் ஆண்டின் இறுதியில் வாகரை போரின் நடுவே அகப்பட்டிருந்தது. பல்லாயிரம் மக்கள் இடம்பெயர்ந்து அல்லற்பட்டனர். 2007 ஜனவரியில் அரசபடைகள் அவ்வூரைக் கைப்பற்றின. அம்மக்களுக்கு நேர்ந்த அவலத்தைப் பற்றி ஜே. எஸ். திசைநாயகம் என்னும் பத்திரிகையாளர் 'நோர்த் ஈஸ்டர்ன் மந்த்லி' என்ற ஆங்கில மாத இதழில் எழுதினார். அவரது எழுத்து அரசைக் கண்டித்தது என்பதில் ஐயமில்லை. 2008 மார்ச் மாதத்தில் அவர் தடுத்து வைக்கப்பட்டார். மாதங்கள் பல சென்றபின்னரே குற்றப்பத்திரம் வந்தது. இனங்களுக்கிடையே பகைமையை மூட்ட எழுதினார் என்பதும், இதழுக்குப் பணம் திரட்டியதன் மூலம் பயங்கரவாதத்துக்கு உதவினார் என்பதும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். 2009 ஆகஸ்ட் 31 ஆம் தேதி கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. 2010 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் சனாதிபதியின் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. எழுதியது இரண்டு கட்டுரை. விதித்தது இருபது ஆண்டு.

மன்னிப்பு என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டனையை மட்டும் நீக்குவது. எழுதியது குற்றமன்று என்று யாரும் தீர்ப்புக் கூறவில்லை.

இனிக் கிரானுக்கு வருவோம். 2021 மே 18 ஆம் தேதி, 2009 இல் முடிவுற்ற போரில் உயிர் நீத்தோரை நினைந்து சிலர் அவ்வூர்க் கடற்கரையிலே கூடினர். வைகாசி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. பத்துப் பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். தொற்றுநோய்க் காலத்துக் கட்டுப்பாடுகள் அப்போது நடைமுறையில் இருந்தன என்பது உண்மையே. கட்டுப்பாட்டை மீறியதுதான் குற்றமென்றால் அதற்கென ஒரு சட்டமும் அளவான தண்டமும் இருந்தன. ஆனால் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ். வாழைச்சேனை நீதவான் நீதிமன்றத்திலே பிணை கிடைத்து அவர்கள் வீடு திரும்பியது டிசம்பர் மாதத்தில். ஏறக்குறைய ஏழு மாதம்! அவ்வேழு மாதத்தில் ஒரு நீதிபதியேனும் அவர்களைக் குற்றவாளிகள் என்று கூறவில்லை.

இது எங்ஙனம் நேர்ந்தது? சட்டத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் விடை தெரியும். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று கூறி நிறைவேற்றப்பட்டது. 1982 இல் அது நிலையான சட்டமாக்கப்பட்டது. சாதாரண சட்டத்தின்படி ஒருவரைப் பிடித்தால் விரைவில் நீதவான் முன் நிறுத்த வேண்டும். காவலில் வைக்கப் போதிய காரணம் உண்டா என்று நீதவான் கேட்பார். இச்சட்டமோ அமைச்சரின் கட்டளையினாலேயே ஒருவரைத் தடுத்துவைக்க இடந்தந்தது. மும்மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை அக்கட்டளையை நீட்டலாம் என்றிருந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அதனைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. மேலும், உதவிப் பொலிஸ் அத்தியட்சரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிவுசெய்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் சுமை, அதைக் கொடுத்தவன் தலையிலேயே விழுகிறது. பூட்டிய அறையிலே நடந்ததைப் பூட்டப்பட்டவன் எப்படி மெய்ப்பிப்பான்?

ஐயம் கொள்வது அரசின் கடமைகளில் ஒன்று என்பதை நான் மறுக்கவில்லை. மட்டக்களப்பு மக்களுக்கு இதனை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்துக் குழந்தைகளும் மாண்டதை அந்நகரம் கண்டது. அதற்கு முந்திய முப்பதாண்டிலும், ஆயுதம் ஏந்தியவர் எந்தப் பக்கத்தவராயினும், மாற்றுக் கருத்துடையாரைப் பேசவிடவில்லை. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 ஆம் தேதி மட்டக்களப்பு நகரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். குடிகளைக் காப்பது அரசின் முதற்கடமை. அதற்குக் கூர்மையான கண் வேண்டும்; கூர்மையான கண் என்பது குண்டையும் விளக்கையும் வேறுபடுத்திக் காணும் கண்.

அவ்வாறு காணத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, உயிர்த்த ஞாயிற்றின் பின் நடந்த ஒன்றையே சான்றாகச் சொல்லலாம். மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்னும் இளம் ஆசிரியர் தமிழிலே கவிதை எழுதுபவர். அவருடைய நவரசம் என்ற நூல் தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்ற ஐயத்தின் பேரில் 2020 மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டார். வன்முறையை வெறுத்துப் பாடியவை அந்நூலில் உள்ளன என்பது தமிழ் படித்தவர் எவரும் திறந்து பார்த்தால் தெரியும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் காவலில் இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. நம் மொழியிலே எழுதப்பட்ட ஒரு சிறு கவிதை நூலை விளங்கிக்கொள்ள ஒரு நாட்டின் அரசுக்கு மூன்றரை ஆண்டு வேண்டியிருந்தது.

இவையெல்லாம் அண்மைக்காலத்துத் தீமைகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அன்னியர் ஆட்சியின்போதே இதன் வேர் ஊன்றப்பட்டது. அவ்வேரை வெட்டிய தீர்ப்பொன்றும் அப்போதே எழுதப்பட்டது.

1936 இல் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் தேயிலைத் தோட்டத்திலே தொழில் பழக இலங்கைக்கு வந்தார். தோட்டத்திலே தமிழ்த் தொழிலாளர் நடத்தப்படும் முறையைக் கண்டு மனம் பொறாது அவர்கள் பக்கம் பேசினார், வேலையை இழந்தார், லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்து மேடையேறினார். துரைமார் நடுங்கினர். ஆளுநர் ஸ்டப்ஸ், பழைய கட்டளைச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து, நாற்பத்தெட்டு மணி நேரத்துள் நாட்டைவிட்டு வெளியேறும்படி 1937 ஏப்ரலில் ஆணையிட்டார். இளைஞர் தலைமறைவானார். மே மாதம் காலிமுகத்திடலிலே மக்கள் வெள்ளத்தின் நடுவே மேடையில் தோன்றிப் பேசினார். பின்னர்ப் பிடிபட்டார். ஆட்கொணர் மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர் கேட்டனர். நெருக்கடி காலத்துக்கென இயற்றிய அதிகாரத்தை, நெருக்கடி இல்லாத வேளையிலே ஆளுநர் தம் விருப்பப்படி எடுத்தாள முடியாது என்று தீர்த்து, அவரை விடுவித்தனர். அத்தீர்ப்புக் கிடைத்த நாள் 1937 மே 18. எண்பத்து நான்கு ஆண்டு கழித்து அதே தேதியிலேதான் கிரான் கடற்கரையிற் கைதுகள் நிகழ்ந்தன. தற்செயல்தான், ஆயினும் மனம் இரண்டையும் சேர்த்தே நினைக்கிறது.

அன்னியன் ஆளுகையிலே கிடைத்த அந்த நீதியை நம்மவர் பேணினார்களா? 1947 ஜூன் மாதத்தில் பெருவேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. வேலைநிறுத்தக்காரரின் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர் உயிரிழந்தார். அந்த அமளிக்குள்ளேயே பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மறு ஆண்டு சுதந்திரம் வந்தது. சுதந்திர நாடு அச்சட்டத்தைக் களையவில்லை. வீட்டோடு வந்த பண்டம்போல் ஏற்றுக்கொண்டது.

1961 இல் அதன் கை மட்டக்களப்பைத் தீண்டியது. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்பதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய சத்தியாக்கிரகம் பெப்ரவரி 20 ஆம் தேதி யாழ்ப்பாணத்திலே தொடங்கி, சில நாட்களில் மட்டக்களப்புக்கும் பரவியது. ஒல்லாந்தர் கோட்டைக்குள் இயங்கிய கச்சேரியின் வாயிலிலே ஆண்களும் பெண்களும் அமர்ந்தனர். கிழக்கிலே முஸ்லிம் மக்களும் உடனிருந்தனர். கல்லெடுத்தாரில்லை, கத்தி எடுத்தாரில்லை. ஏப்ரல் 17 ஆம் தேதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. இராணுவம் வந்தது. செல்வநாயகம் உள்ளிட்ட தலைவர்கள் பனாகொடை முகாமிலே பல மாதம் தடுத்து வைக்கப்பட்டனர். வழக்கு எதுவும் நடத்தப்படவில்லை. வழக்கு நடந்திருந்தால் நிலத்தில் அமர்ந்திருந்ததைத் தவிர வேறெதைக் குற்றமாகக் காட்டியிருப்பார்கள்?

தெற்கிலுள்ள சிங்கள மக்கள் இவ்விடரிலிருந்து தப்பியவர்கள் என்றும் கருத வேண்டாம். ஒரு பக்கத்துக்கென்று தீட்டிய வாள் மறுபக்கத்தையும் வெட்டும். 1992 ஜூலை முதலாம் தேதி, எதிர்க்கட்சியினர் ஜனகோஷம் என்ற பெயரில், மணி ஒலித்தும் பறை முழக்கியும் கை தட்டியும் ஆட்சியின்மீது தம் வெறுப்பைத் தெரிவித்தனர். பொலிசார் ஒருவரின் பறையைப் பறித்தனர். அவர் உயர் நீதிமன்றம் சென்றார். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அரசை ஆதரிக்கும் உரிமையைப் போலவே அதனைக் கண்டிக்கும் உரிமையும் குடியாட்சிக்கு அடிப்படை என்றும், பறையொலியும் பேச்சுச் சுதந்திரத்துள் அடங்கும் என்றும் 1993 இல் தீர்ப்பளித்தார். அதற்கு முன் 1987 இல், பிரதம நீதியரசர் சர்வானந்தா, அரசியற் சொற்பொழிவு ஒன்றுக்கான துண்டுப்பிரசுரம் பற்றிய வழக்கிலே, பிரசுரம் விநியோகிக்கப் பொலிசாரின் அனுமதி வேண்டும் என்ற அவசரகால விதியையே செல்லாது என்று ஒதுக்கியிருந்தார். அவர் தமிழர், வழக்காடியவர் சிங்களவர், காலமோ போர்க்காலம். நீதிமன்றம் தன் கடமையைச் செய்ய விரும்பினால் காலம் அதற்குத் தடையன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நேயர்களே, தீர்ப்புகள் புத்தகத்திலே இருக்கின்றன. மீனவக் குடும்பத்துப் பிள்ளை காவல் நிலையத்திலே இருக்கிறான். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. அடிப்படை உரிமை மனுவைக் கேட்கும் நீதிமன்றம் கொழும்பிலே உள்ளது. மட்டக்களப்பிலிருந்து தரை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். பிடிபட்டவன் எங்கே இருக்கிறான் என்று தாயார் தேடி அறிவதற்குள்ளேயே அந்த ஒரு மாதத்திற் பாதி கழிந்துவிடும்.

ஆகவே இரண்டு செய்திகளைப் பலரும் தெரிந்து வைத்திருப்பது நன்று. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவரைக் கைது செய்தால், அதனையும் அவரை வைத்திருக்கும் இடத்தையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவ்வாணைக்குழுவுக்கு அறிவிப்பது கைது செய்தவரின் கடமை. ஆளுநர் ஸ்டப்ஸ் அன்று பிரேஸ்கேர்டிலுக்குக் கொடுத்த அதே நாற்பத்தெட்டு மணி நேரம், இங்கே அதிகாரிக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யப்பட்டால், அது விசாரணையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்குரிய ஒரு மாதக் கணக்கிற் சேராது. கைது நடந்த நாளையும் நேரத்தையும் இடத்தையும் அன்றைக்கே ஒரு தாளிலே குறித்து, அம்முறைப்பாட்டைத் தாமதியாது பதிவுசெய்து, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால், பின்னர் கொழும்பிலே வழக்குரைப்பவர் கையிலே அத்தாளும் சீட்டுமே முதற்சான்றாக நிற்கும்.