31,811 இலக்கங்கள்



1957-இல் இதே சென்னையில் பிறந்தவர் ராஜன் மகாதேவன். வளர்ந்தது மங்களூரில். 1981 ஜூலை 5 அன்று அங்கே மேடையேறி, 'பை' எண்ணின் 31,811 இலக்கங்களை எதையும் பார்க்காமல் ஒப்பித்தார், கின்னஸில் இடம்பிடித்தார். 1987-இல் ஜப்பானின் ஹிதேயாகி தொமொயோரி 40,000 சொல்லி அதை முறியடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் நான் வந்தேன். ராஜன் அமெரிக்கா சென்று உளவியல் படித்தார். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் தாம்சனும் சகாக்களும் அவரைப் பலகாலம் சோதித்தார்கள். எண்களை நினைவில் ஏந்தும் ஆற்றல் அவருக்குப் பிறவியிலேயே அதிகம் என்று 1993-இல் நூலாகவே எழுதினார்கள். நம் தெருவில் சொல்வதும் அதுதானே? "அந்தப் பையனுக்கு வரம், நம்ம பிள்ளைக்கு இல்லை."

ஃப்ளோரிடாவில் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸன் அதை ஏற்கவில்லை. எண்களை எடுத்துவிட்டு, கேள்விக்குறி, சதவீதக்குறி, கூட்டல்குறி என்று கலந்து காட்டினார். ராஜனால் ஆறு குறிகளைத்தான் திருப்பிச் சொல்ல முடிந்தது. உங்களாலும் என்னாலும் முடிகிற அளவு! பழகப் பழக, குறிகளை எண்களாக மாற்றிக்கொள்ளும் வழி அவருக்குப் பிடிபட்டது. பிறகு முப்பதை நெருங்கினார்.

அவருக்கு 312 என்றால் சிகாகோவின் தொலைபேசிக் குறியீடு. மூன்று இலக்கம் ஒரே பொருளாகிவிடுகிறது. இப்போது நான் 600033 என்கிறேன். உங்களில் யாராவது ஆறு எண்களாகவா கேட்டீர்கள்? மேற்கு மாம்பலம் என்றுதானே கேட்டீர்கள்! அந்த வேலையைத்தான் அவர் ஆயிரக்கணக்கான முறை செய்தார்.

எரிக்ஸனின் இந்தச் சோதனைகளைப் பற்றி 2004-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் எரிக்ஸன் பெயரோடு ராஜன் மகாதேவன் பெயரும் இருக்கிறது. தன் புகழுக்குப் பிறவி வரம் காரணமில்லை, பயிற்சி காரணம் என்று காட்டும் கட்டுரையில் கையெழுத்திட்டவர் அவர். அந்த அறிவியல் நேர்மையை நான் 31,811-க்கும் மேலாக வைக்கிறேன்.

பெற்றோரே, பயிற்சிதான் காரணம் என்றால் எப்படிப் பயில்வது? இன்னொரு சோதனையையும் கேளுங்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்து அவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம்; எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

ஆகவே இன்றிரவு உங்கள் பிள்ளை பத்தாம் முறையாக அதே பக்கத்தைச் சத்தம் போட்டுப் படித்தால், "ஞாபகசக்தி இல்லை" என்று திட்டாதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளைக் கையில் கொடுங்கள்.