வரவில்லை என்று எழுதும் முன்



நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பிறந்து ஏழே நாளான ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். பால் குடிக்க வாய் திறக்கவில்லை. கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு வில்லாய் வளைந்தது. தொப்புளில் சாணம் காய்ந்து ஒட்டியிருந்தது. ரண ஜன்னி. விடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

கர்ப்பத்தில் இரண்டு ஊசி போட்டிருந்தால் தாயின் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போயிருக்கும். "ஏம்மா ஊசி போடல?" என்று கடிந்து கேட்டேன். "வந்தேன் டாக்டரம்மா. மருந்து தீந்துபோச்சு, அடுத்த புதன்கிழமை வான்னாங்க. அதுக்குள்ள கரும்பு வெட்டப் போயிட்டோம்." அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. பிறகு விசாரித்தேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது.

1988இல் உலகெங்கும் சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் ரண ஜன்னியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2015இல் இந்தியா இதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது உறுதியானது. மாவட்டம்தோறும் ஆயிரம் பிறப்புக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்பதே அதன் பொருள். கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது.

ஊசிக்கு வராதவளை 'அறியாதவள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒருநாள் கூலி போகும், பஸ் கிடைக்காது, மாமியார் சம்மதிக்க வேண்டும், போன முறை யாரோ சிடுசிடுத்தார்கள். இவை அவள் கணக்கில் இருக்கின்றன, நம் படிவத்தில் இல்லை. 2021 ஜூலையில்தான் கர்ப்பிணிகளுக்குக் கொரோனா தடுப்பூசி போட மத்திய அரசு அனுமதித்தது. அதுவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நாமே, மறுநாள் அவள் தயங்கியபோது சலித்துக்கொண்டோம். அவள் தயக்கத்தில் நியாயம் இருந்தது.

செவிலியர் பட்டம் பெறும் பிள்ளைகளே, கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம் என்று முன்பே சொல்லுங்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். மருந்து தீர்ந்திருந்தால், அவளை அலையவிடாமல் நீங்களே தேடிப் போங்கள்.

பின்னாளில் என்னோடு வேலை பார்த்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் 'வரவில்லை' என்று எழுதவே மாட்டார். அவருடைய பதிவேட்டில் ஒரு கர்ப்பிணியின் பெயருக்கு எதிரே இப்படி எழுதியிருந்தார்: 'கரும்பு வெட்டு. பொங்கலுக்கு ஊருக்கு வருவாள்.' மாட்டுப் பொங்கலன்று, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.