பிறக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னுவோம்

(பிள்ளைமடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



காலையில் இருந்து மலையில் நின்று கொழுந்து எடுத்து, நிறுவை முடித்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீங்க. அதனால் நான் நீட்டிப் பேச மாட்டேன். கையில் இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் வைத்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீங்க. "ஐயா பொம்பளை வேலை செய்யப் போறாரோ" என்று ஒரு அம்மா சொன்னதும் காதில் விழுந்தது. பரவாயில்லை, சிரியுங்க. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நல்ல பனி. என் சம்சாரத்துக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. இரவோடு இரவாக லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். விடியும்போது பெண் பிள்ளை பிறந்தது. நிறை 1 கிலோ 900 கிராம். நான் கையில் கொண்டு போனது என்ன தெரியுமா? வார்டில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பெட்டி டொபி. பிள்ளைக்கு என்று ஒரு பழைய துவாய். தாதி அம்மா துவாயைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குத் தொப்பி எங்கே?" என்று கேட்டார். நான் பதில் இல்லாமல் நின்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு சிங்களத் தாய் தன் பையைத் திறந்து, தன் பிள்ளைக்குப் பின்னி வைத்திருந்த இரண்டாவது தொப்பியை எடுத்து நீட்டினார். மஞ்சள் நிறத் தொப்பி. அதைத்தான் என் மகள் முதன்முதல் தலையில் போட்டாள்.

அடுத்த நாள் நான் போகும்போது அந்தக் கட்டில் காலி. பெயர் கூடக் கேட்டு வைக்கவில்லை. வாங்கிய கடனை எப்படித் திருப்புவது? ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவரிடம் போய், "டீச்சர், எனக்கு ஒரு தொப்பி பின்னக் காட்டிக் கொடுங்கள்" என்று கேட்டேன். அவரும் முதலில் சிரித்தார். பிறகு காட்டிக் கொடுத்தார். அந்தத் தாயை நான் இன்று வரை காணவில்லை. ஆனபடியால் அந்தக் கடனை உங்களிடம் கொடுத்துத் தீர்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

தொப்பி ஏன் இவ்வளவு முக்கியம்? பிறந்த பிள்ளையின் உடம்போடு பார்த்தால் தலை பெரியது. சூடு தலை வழியாக நிறையப் போய்விடும். பிள்ளையின் உடம்புச் சூடு 36.5 முதல் 37.5 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பிள்ளை பால் குடிக்கச் சோர்ந்துவிடும். பால் குடிக்காவிட்டால் இன்னும் குளிர்ந்துவிடும். 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடம்பில் கொழுப்பும் குறைவு, சூட்டைப் பிடித்து வைக்க அதற்கு வழியில்லை. நம்முடைய லயத்துக் காம்பராவில் தகரக் கூரைக்குக் கீழே விடியற்காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் எட்கார் ரே என்ற வைத்தியர், நிறை குறைந்த பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று கிளினிக்கில் சொல்வது அதைத்தான். அந்த முறையில் பிள்ளைக்குப் போடுவது ஒரு நப்பியும், ஒரு தொப்பியும், காலுறையும்தான். மற்றச் சூடெல்லாம் தாயின் உடம்பு. தாய் களைத்தால் தகப்பனும் அப்படி அணைத்து வைத்திருக்கலாம். கதவோரத்து ஐயாமார் இதைக் கேட்டுக்கொள்ளுங்க.

இனி வேலைக்கு வருவோம். "எனக்குப் படிப்பு இல்லை, இதெல்லாம் வராது" என்று யாரும் சொல்லக் கூடாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்க்காமலே கிள்ளுகிற விரல் உங்களுடையது. நிறுவையில் அரைக் கிலோ குறைந்தால் உடனே கேட்கிற ஆட்கள் நீங்கள். ஒரு கண்ணி குறைந்தால் கண்டுபிடிக்க மாட்டீர்களா?

வேண்டிய சாமான்: 4 மில்லிமீற்றர் ஊசி ஒரு சோடி. பழைய ஊசிகளில் 8ஆம் நம்பர் என்று போட்டிருக்கும். ஊசி வாங்க வசதி இல்லாவிட்டால் முற்றிய மூங்கிலைப் பென்சிலின் பாதித் தடிப்புக்குச் சற்றுக் கூடச் சீவி, அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, மெழுகுதிரி பூசுங்கள். நூல் நடுத்தரத் தடிப்பு, 50 கிராம் உருண்டை ஒன்று போதும். பழைய ஸ்வெட்டரைப் பிரித்தும் எடுக்கலாம். ஆனால் ஓரம் வெட்டித் தைத்த ஸ்வெட்டர் வேண்டாம், நூல் துண்டு துண்டாக வரும். பிரித்த நூலைக் கழுவி, நனைந்தபடியே தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும்.

ஊசியில் இருக்கிற ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர். முதலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். பிறகு நூலைப் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு எடுத்தால் இன்னொரு கண்ணி. இப்படியே ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பின்னலில் இருப்பது இரண்டே கண்ணி. ஒன்று நேர்க்கண்ணி. நூல் பின்பக்கம் இருக்கும். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னுக்கு விடுங்கள். நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னுக்கு இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். மற்றது மறுகண்ணி. நூல் முன்பக்கம் இருக்கும். ஊசியை வலது பக்கமிருந்து கண்ணியின் முன்னால் விட்டு, சுற்றி, பின்னுக்குத் தள்ளி எடுங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் மற்றதெல்லாம் இவற்றை மாற்றி மாற்றிப் போடுவதுதான்.

எல்லா வரியும் நேர்க்கண்ணியே போட்டால், தூரத்தில் இருந்து பார்க்கிற தேயிலை நிரை மாதிரி மேடும் பள்ளமுமாக வரும். மப்ளருக்கு அது நல்லது. ஒரு வரி நேர், ஒரு வரி மறு என்று போட்டால் முன்பக்கம் வழவழப்பாக இருக்கும், ஆனால் ஓரம் சுருளும். ஒற்றை எண்ணில் கண்ணி ஏற்றி, ஒவ்வொரு வரியும் ஒரு நேர், ஒரு மறு என்று தொடங்கிப் போனால் பொரி தூவின மாதிரி வரும். பிள்ளையின் போர்வைக்கு அழகு. இரண்டு நேர், இரண்டு மறு என்று போட்டால் ரப்பர் மாதிரி இழுபடும். தொப்பிக்கு வேண்டியது இதுதான். பிள்ளையின் தலை வளர வளர தொப்பியும் கூடவே இழுபட்டுக் கொடுக்கும்.

தொப்பியின் கணக்கு இது. நிறை சரியாக இருக்கிற பிள்ளைக்கு 64 கண்ணி. நிறை குறைந்த பிள்ளைக்கு 56 கண்ணி. எந்த வரியானாலும் இரண்டு நேர், இரண்டு மறு. வேறு எதுவும் மனதில் வைக்க வேண்டாம். 15 சென்ரிமீற்றர் உயரம் வந்ததும் ஒரு வரி முழுவதும் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரே நேர்க்கண்ணியாகப் போடுங்கள். 64 என்றால் 32 ஆகும். அடுத்த வரியும் அப்படியே, 16 ஆகும். நூலை ஒன்றரை முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டி இறுக்குங்கள். மிச்ச நூலால் பக்கத்தைத் தைத்தால் தொப்பி தயார்.

நான் விட்ட பிழைகளையும் சொல்ல வேண்டும். என் முதல் தொப்பி பலகை மாதிரி இருந்தது. ஒவ்வொரு கண்ணியையும் கயிறு இழுக்கிற மாதிரி இழுத்து இறுக்கினேன். அது தேங்காய்க்குக் கூட ஏறவில்லை. என் மகள் பிறகு அதைத் தன் பொம்மைக்குப் போட்டு விளையாடினாள். கை தளர்வாக இருக்கட்டும். இரண்டாவது பிழை, நேரில் இருந்து மறுவுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவால் முன்னுக்குக் கொண்டு வராமல் ஊசிக்கு மேலால் கொண்டு வந்தேன். அப்படிச் செய்தால் ஒரு கண்ணி கூடும், அந்த இடத்தில் ஓட்டையும் விழும். நான்கு வரிக்கு ஒரு தரம் கண்ணியை எண்ணிப் பாருங்கள்.

சில எச்சரிக்கைகள். பிள்ளையின் தொப்பியில் பொத்தான், நாடா, குஞ்சம் ஒன்றும் வைக்க வேண்டாம். உள்ளே நூல் நுனி தொங்கக் கூடாது. தொப்பி கண்ணையும் மூக்கையும் மறைக்கக் கூடாது. கடையில் கிடைக்கிற நூலில் நிறைய அக்ரிலிக்தான், நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிவிடும். தொப்பி போட்ட பிள்ளையை அடுப்பங்கரைக்குக் கொண்டு போகாதீங்க, புகையும் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளையின் கழுத்துப் பின்புறம் வியர்த்திருந்தால் தொப்பியைக் கழற்றுங்கள். பிறந்த பிள்ளையை முதல் 24 மணித்தியாலம் குளிப்பாட்ட வேண்டாம்.

இன்னொன்றும் மறந்துவிடாதீங்க. தொப்பி மருந்து அல்ல. பிள்ளையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே நெஞ்சோடு அணைத்துப் போர்த்துங்கள். வயிறும் குளிர்ந்திருந்தால், அல்லது பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நெஞ்சோடு அணைத்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஏழாம் மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு தாயின் பையிலும் இரண்டு தொப்பி இருக்க வேண்டும். ஏன் இரண்டு? மழைக் காலத்தில் கழுவிப் போட்டது இஸ்தோப்பில் இரண்டு நாள் ஆனாலும் காயாது. மற்றது, பக்கத்துக் கட்டிலில் டொபிப் பெட்டியோடு ஒரு மடையன் வந்து நிற்கலாம்.

பத்துச் சோடி ஊசி பிள்ளைமடுவத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வாங்க. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும் என்று சொல்லாதீங்க. அந்த வேலையை அன்றைக்கு ஐயாமார் பார்ப்பார்கள். கதவோரத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டியதை நான் பார்த்துவிட்டேன்.