பிள்ளையாருக்கும் இன்ஷூரன்ஸ்

(மும்பை அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

காரியதரிசி என்னைப் பேசக் கூப்பிட்டபோது தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. "நீங்கள்தான் தினம் ஊர் சுத்தறேளே, அதையே சொல்லுங்கோ" என்றார். பாங்கிலே 35 வருஷம் பிறத்தியார் பணத்தை எண்ணிவிட்டு ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன உத்தியோகம்?

செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு பஸ்ஸில் போய் வருவதுதான் என் க்ஷேத்ராடனம். 2025 மே மாதம் பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆயிற்று. "புண்ணியத்தின் விலை ஒரே ராத்திரியில் இரட்டிப்பாயிடுத்து" என்று ஆத்திலே சொன்னேன். "ஏன்னா, நடந்து போனா புண்ணியம் இன்னும் ஜாஸ்தியாச்சே" என்று பதில் வந்தது. நடக்கலாம். ஆனால் எங்கள் சேடா நகர் முருகன் 108 படி ஏறி வா என்கிறான். முழங்காலில் மிச்சமிருப்பதை அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மாட்டுங்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அங்கத்தினர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆஸ்திக ஸமாஜம் ராமர் கோவில், பஜன ஸமாஜம், சங்கர மடம், வாசலில் பூக்காரர்கள், வாழையிலை, கும்பகோணம் வெற்றிலை. தரிசனம் முடிந்ததும் பசி வருமே என்று ஸ்டேஷன் பக்கம் ராமா நாயக் 1942-லேயே இலை போட ஆரம்பித்துவிட்டார். பக்தியும் போஜனமும் இத்தனை கிட்டக் கிட்ட இருக்கிற பேட்டை பாரத தேசத்தில் அதிகம் கிடையாது.

இந்தப் பேட்டையில்தான், கிங்ஸ் ஸர்க்கிளில், கௌட ஸாரஸ்வதர்களின் ஜி.எஸ்.பி. ஸேவா மண்டல் 1955 முதல் கணபதி உத்ஸவம் நடத்துகிறது. ஐந்தே நாள். 2025-ல் அந்த ஐந்து நாளுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் 474.46 கோடி ரூபாய். பேப்பரில் படித்த என் பேரன், "தாத்தா, விக்னத்தை எல்லாம் போக்கறவருக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்?" என்று கேட்டான். கேள்வி நியாயம்தான். பாங்க்காரப் புத்தி, கணக்கைப் பிரித்துப் பார்த்தேன்.

பிள்ளையாரின் தங்கம், வெள்ளி நகைகளுக்கு 67.03 கோடி. கூட்டத்தில் யாருக்காவது ஏதாவது ஆனால் என்று 30 கோடி. தீ, பூகம்பத்துக்கு 2 கோடி. பந்தல் போட்ட இடத்துக்கு 43 லட்சம். பாக்கி? 375 கோடி! அது யாருக்கு என்றால், தொண்டர்களுக்கு, பூஜை செய்கிறவர்களுக்கு, அடுப்படியில் நிற்கும் சமையல்காரர்களுக்கு, காவல்காரர்களுக்கு, கார் நிறுத்துகிறவர்களுக்கு, செருப்பு ஸ்டாலில் நம் செருப்பைக் காக்கிறவர்களுக்கு. ரூபாய்க்கு 79 பைசா மனுஷாளுக்கு. பிள்ளையார் நகைக்கு 14 பைசாதான். பிரீமியம் வாங்கிக்கொண்டது நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனி. அன்றைக்கு வரிசையில் நின்று நான் முதலில் தரிசனம் பண்ணியது செருப்பு ஸ்டாலைத்தான்.

(ஒரு காலத்தில் மாட்டுங்கா ஸ்டேஷன் ஓரமாக வரதராஜ முதலியாரின் பந்தலும் உண்டு. வெளிச்சத்தில் கிங்ஸ் ஸர்க்கிளுக்குச் சளைத்ததில்லை. அந்தப் பிள்ளையாருக்கு யாரும் இன்ஷூரன்ஸ் எடுத்ததாகக் கேள்வியில்லை. அவசியம் இருந்திருக்காது.)

இனிமேல் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், தாராவி. நம்மில் பலர் அந்தப் பாலத்தைத் தாண்டினதில்லை. ஆனால் தாராவி தினம் காலையில் நம் வாசலுக்கு வருகிறது. பாம் பாம் என்று ஹாரனை அழுத்திக்கொண்டு சைக்கிளில் வரும் இட்லிக்காரரைச் சொல்கிறேன். பம்பாயில் அவருக்கு ஒரே பெயர், அண்ணா. என் பிள்ளையைவிட வயதில் சின்னவர், நானும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ராத்திரி மாவு அரைத்து, நாம் எழுந்திருப்பதற்கு முன்னால் இட்லி வார்த்து, அலுமினிய அடுக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மாட்டுங்காவில் அவரை நிறுத்திவைத்து, "உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குங்கய்யா? சைக்கிளுக்கே இல்ல" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு அவரே வீட்டுப் பேச்சை எடுத்தார். 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குக் கிடைத்ததே தாராவிச் சீரமைப்புத் திட்டம், அதிலே 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் இருக்கிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசமாக. அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் கட்டினால் வெளியே வீடு. மாடியில் இருக்கிறவர்களுக்கும் வெளியேதான். முலுண்டு, தேவ்னார் என்று பெயர்கள் அடிபடுகின்றன. நம் அண்ணா மாடியில், வாடகைக்கு இருக்கிறவர். "வீடு எங்க குடுத்தாலும் போயிருவோம்ங்கய்யா. மாவாட்ட எடம் விடுவாங்களா? முலுண்டுலேர்ந்து சைக்கிள மிதிச்சா இட்லி ஆறிருமே" என்றார்.

பொருளாதாரம் என்று எத்தனையோ புஸ்தகம் படித்திருக்கிறேன். ஏழு மணிக்கு மாட்டுங்காவில் இட்லி சூடாகக் கிடைப்பதற்குக் காரணம் தாராவி பக்கத்தில் இருப்பதுதான் என்று எதிலும் எழுதவில்லை. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் கிடையாது. அவரைக் கீழ்த்தளத்துக்கு இறக்க என்னால் முடியாது.

ஆனால் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு, அது என் தொழில். பிரதம மந்திரி ஸுரக்ஷா பீமா யோஜனா என்று ஒன்று, 2015-ல் வந்தது. முதலில் வருஷத்துக்கு 12 ரூபாய். 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். மாசத்துக்கு அல்ல, வருஷத்துக்கு! ஸேவிங்ஸ் கணக்கு இருக்க வேண்டும், வயது 18 முதல் 70 வரை. விபத்தில் உயிர் போனாலோ முழுக்க முடமானாலோ 2 லட்சம். ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷம்; ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 74, என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். என்னை முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இட்லி அண்ணா அந்த வாரமே சேர்ந்துவிட்டார். நம் கிளை ராதா கல்யாணத்துக்கு 300 பேருக்குச் சமைக்கிறார்களே, கொதிக்கிற ரஸ அண்டாவை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் வருகிறார்களே, அவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று போன மாசம் விசாரித்தேன். ஒருவருக்கும் இல்லை. ஆத்திலே பத்துப் பாத்திரம் தேய்க்கிற அம்மா, லிஃப்ட்காரர், டிரைவர், வாசலில் பூக்கட்டுகிறவர், இவர்களையும் நீங்கள் கேட்டுப் பாருங்கோ. கேட்கிறதற்குக் காசு கிடையாது.

ஐம்பது படிவம் கொண்டு வந்திருக்கிறேன். இன்றைக்கு நமக்கு டிபன் பண்ணிக்கொண்டு உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்குப் பாங்கில் கணக்கு இருக்கிறது, கையெழுத்து வாங்கியாயிற்று. நாலாவது ஆளுக்குக் கணக்கே இல்லை. நாளைக் காலை 10 மணிக்கு நானே அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆதார் கார்டை மறக்காமல் எடுத்துவரும்படி யாராவது உள்ளே போய்ச் சொல்லுங்கோ.