லாரிக்கும் கண் வேண்டும்

(பச்சைமலை அடிவாரத்தில் சுமைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் லாரி ஓட்டுநரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



மலைமேலே மரவள்ளி பிடுங்குகிற காலம் வந்துவிட்டால் டாப் செங்காட்டுப்பட்டிப் பாதையில் லாரி ஓய்வதில்லை. கிழங்கைப் பிடுங்குகிறவர் நாம். மூட்டை கட்டி ஏற்றுகிறவர் நாம். ஓட்டுகிறவர் நம்மில் ஒருவர். ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் இறக்கி அரைக்கிறவரும் நாமே. லாரி மட்டும் வேறொருவருடையது. அந்த லாரிக்குக் கண் இருக்கிறதா என்பதுதான் இன்றையப் பேச்சு.

சிரிக்க வேண்டாம். ஓட்டுநருக்குக் கண் இருந்தால் போதாதா என்பீர்கள். போதாது. அவர் உட்கார்ந்திருப்பது ஆள் உயரத்துக்கு மேலே. முகம் தட்டையான லாரியின் முன்னால் குனிந்து, சிந்திய கிழங்கைப் பொறுக்குகிற பெண் அவர் பார்வையில் படமாட்டாள். இடப்பக்கம், கிளீனர் கதவை ஒட்டி நிற்கிறவரும் படமாட்டார். பின்பக்கத்தைப் பாரம் மறைக்கிறது. பக்கத்துக் கண்ணாடி இருக்கிறதே என்றால், அது குவிந்த கண்ணாடி. அகலமாகக் காட்டும். ஆனால் ஆளைச் சின்னதாக்கி, தூரத்தில் நிற்பதுபோலக் காட்டும். முன்பெல்லாம் இந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் கிளீனர். இறங்கி நின்று, பலகையைத் தட்டி, "வா, வா, நில்லு" என்று குரல் கொடுப்பார். லாரியின் இரண்டாவது கண் அவர்தான். சம்பளம் மிச்சம் என்று பல லாரிகளில் அந்தக் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள்.

இதற்குக் கருவி இல்லையா? இருக்கிறது. இதையே தொழிலாக நடத்துகிற கம்பெனிகள் உலகத்தில் உண்டு. இங்கிலாந்தில் பிரிகேட் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்று, 1976-இல் தொடங்கியது. லாரி பின்னால் வரும்போது "பீப், பீப்" என்று கத்துகிறதே, ஜப்பானில் பிறந்த அந்த ஒலியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன கம்பெனி இதுதான். இன்று காமிரா விற்கிறது. லாரியை மேலிருந்து பார்ப்பதுபோல் சுற்றுப்புறம் முழுவதும் காட்டும் திரை விற்கிறது. ஆள் அருகில் வந்தால் உணர்ந்து எச்சரிக்கிற ரேடாரும் விற்கிறது. ஒலியிலேயே ஒரு நுணுக்கம் கண்டிருக்கிறார்கள். "பீப்" எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது சட்டென்று பிடிக்காது. பல சுருதி கலந்த "உஸ், உஸ்" என்ற ஒலியானால் பிடித்துவிடும். நம் ஊரில் ரிவர்ஸ் போட்டால் சினிமா மெட்டு பாடுகிறது, அது வேறு கதை!

கருணையால் இதெல்லாம் விற்பனையாகிறது என்று நினைக்காதீர்கள். சட்டம் வந்தால்தான் சந்தை வரும். லண்டன் நகரத்தில் சைக்கிள்காரரும் நடந்து போகிறவரும் லாரியடியில் சிக்கிச் சாவதை எதிர்த்து ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பினார்கள். பிறகு விதி வந்தது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரியில் ஓட்டுநர் ஜன்னல் வழியாக நேரில் எவ்வளவு பார்க்க முடிகிறது என்று அளந்து, 0 முதல் 5 வரை நட்சத்திரம் தருகிறார்கள். 2021 மார்ச் முதல் ஒரு நட்சத்திரமாவது வேண்டும் என்றார்கள். 2024 அக்டோபர் 28 முதல் மூன்று வேண்டும் என்றார்கள். குறைந்தால் காமிராவும் எச்சரிக்கைக் கருவியும் பூட்ட வேண்டும். இல்லையென்றால் ஊருக்குள் நுழைய அனுமதி கிடையாது.

லாபக் கணக்கு பழைய சங்கதி. முன்கண்ணாடியைத் துடைக்கிற வைப்பருக்கு அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி 1903-இல் காப்புரிமை பெற்றார். 1905-இல் ஒரு கனடிய நிறுவனத்திடம் கொண்டுபோனார். விலை பெறுகிற சரக்கல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! இன்று அது இல்லாத மோட்டார் வண்டி உண்டா?

நம் தமிழ்நாட்டிலேயே சென்னை பாடியில், 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் வைப்பர் மோட்டார் செய்கிறது. அதைச் செய்கிற கைகளும் நம்மைப் போன்றவர்கள் கைகளே. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து மலைப்பாதையை மூடும்போது அந்த மோட்டாரின் அருமை தெரியும். ஆனால் மோட்டார் ஓடி என்ன பிரயோசனம், முனையிலுள்ள ரப்பர் தேய்ந்து கிடந்தால்? சில நூறு ரூபாய்ச் சாமான். அதைக் கேட்கிற ஓட்டுநரிடம், "அடுத்த லோடுக்குப் பார்க்கலாம்" என்கிற உரிமையாளர்கள் எத்தனை பேர்!

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியும் வைப்பரும் வேண்டும் என்கின்றன. முன்கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்கின்றன. பொட்டும் பூமாலையும் ஸ்டிக்கரும் போட்டுப் பாதிக் கண்ணாடியை நாமே மறைக்கிறோமே, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விபத்து நடந்தால் மட்டும் கண் கேட்பது ஓட்டுநரிடம். 2023-இல் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவில், 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, விபத்தில் ஆள் இறந்து, தகவல் சொல்லாமல் ஓடிவிட்ட ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரி பிறந்ததும் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். சர்க்கார் பேச்சுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1-இல் புதிய சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது. அடிபட்டவரைப் போட்டுவிட்டு ஓடுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் உடைந்த கண்ணாடியோடு வண்டியை ரோட்டுக்கு அனுப்பியவர் எங்கே நிற்கிறார் என்று நாம் கேட்கிறோம்.

ஒரு வேலை செய்யுங்கள். நாளை லோடு ஏற்றுமுன், எஞ்சினை நிறுத்தி ஓட்டுநரைச் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் லாரியை ஒட்டிக் குனிந்து உட்காரட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகட்டும். ஓட்டுநர் "தெரிகிறது" என்று சொல்கிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். முன்னால், இடப்பக்கம், பின்னால், மூன்று பக்கமும் போடுங்கள். கோட்டுக்கு உள்ளே ஆள் இருக்கும்போது வண்டி நகரக்கூடாது. அதன் பிறகு லாரி உரிமையாளரைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டி, காமிரா எப்போது வரும், கிளீனர் எப்போது வருவார் என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஓட்டுநரையும் சேர்த்துக்கொண்டு எல்லோரும் போங்கள்.